ஒரு பிடி ஐஸ்

எங்கள் மீன்கூடத்தில் குளிர்காலம் வந்தால் ஐஸைத் தொடும்போதே எல்லோருக்கும் அழுகை வரும். என் அண்ணி அதை வாயில் போட்டு மென்றுகொண்டிருப்பாள். கடுக் கடுக்கென்று சத்தம் கேட்கும். பல் கூசுவது என்னவோ பக்கத்தில் நிற்கும் எங்களுக்குத்தான்.

துறைமுகத்தை ஒட்டிய கூடம் அது. அண்ணிக்கு ஐஸ் போடும் வேலை, எனக்குத் தராசு. கழுவி, பத்துக் கிலோவாக அடுக்கிய மீன் பெட்டிகள் உருளைகளின் மேல் வரிசையாக வரும். அண்ணி தொட்டியிலிருந்து அகலமான அலுமினிய ஷவலால் ஐஸ்தூளை அள்ளிப் பெட்டிக்கு இரண்டு வீச்சு போடுவாள். வீச்சுக்கு இரண்டு கிலோ. பெட்டி நகர்ந்து என் தராசில் ஏறும். பதினாலு கிலோ இருந்தால் பச்சை விளக்கு எரியும். இருநூறு கிராமுக்கு மேல் கூடினாலும் குறைந்தாலும் சிவப்பு. குறைந்தால் மீன் வழியிலேயே கெட்டுவிடும், கூடினால் மூடி உட்காராது. சிவப்பு எரிந்தால், யார் போட்ட ஐஸ் என்ற விவரத்தோடு அது கணினியில் ஏறிவிடும்.

ஏழு வருஷமாக அந்தத் தராசில் உட்கார்ந்திருக்கிறேன். கூடத்தில் எனக்குப் பெயரே 'தராசு'தான். என் வாய்க்கு மட்டும் அளவு கிடையாது என்பது அண்ணனின் புகார். இந்த ஏழு வருஷத்தில் அண்ணி ஷவலைக் குனிந்து பார்த்து நான் கண்டதில்லை. யாரையாவது, பெரும்பாலும் என்னை, திட்டிக்கொண்டே அள்ளுவாள். எடை மட்டும் பிசகாமல் வரும். சிவப்பு எரிந்த பெட்டியைச் சரிசெய்ய என் கைப்பக்கம் ஒரு வாளி ஐஸ் வைத்திருப்பார்கள். அண்ணி நிற்கும் நாட்களில் அந்த வாளி தொடப்படாமலே தண்ணீராகிவிடும்.

அந்த வேலையை எனக்கு வாங்கிக்கொடுத்ததும் அவள்தான். என் கல்யாணம் முறிந்து ஒரு பெட்டியோடு வந்து நின்றபோது, என் கூடப்பிறந்த அண்ணன் வாசலில் நின்று "என்னாச்சு, ஏதாச்சு" என்று குடைந்துகொண்டிருந்தான். அண்ணி ஒரு வார்த்தை கேட்கவில்லை. உள்ளே போய்த் தன் அலமாரியில் பாதியைக் காலி செய்தாள். அவ்வளவுதான், விஷயம் முடிந்தது. அன்றிலிருந்து மூன்றாம் மாடியில் அவர்கள் வீட்டில்தான் இருக்கிறேன். அவளுக்காக நான் எதையும் செய்வேன். அந்தக் குளிர்காலத்தில் நடந்த கூத்துக்கெல்லாம் காரணமே அதுதான்.

கூடத்துக்குள் எதுவும் தின்னக்கூடாது என்று சுவரில் பெரிதாக எழுதியிருக்கிறது. அதில் ஐஸ் என்று எழுதவில்லை என்பது அண்ணியின் வாதம். இயந்திரத்தின் வாயிலேயே தன் டம்ளரைப் பிடித்து நிரப்பிக்கொள்வாள். எங்கள் மேற்பார்வையாளர் எதற்கெடுத்தாலும் விசில் ஊதுகிற மனிதர், அதனால் அவருக்குப் பெயரும் 'விசில்'. அவரே இந்த விஷயத்தில் கண்டும் காணாமல் போய்விடுவார். புதிதாக வேலைக்கு வருகிறவர்களை நானே கூட்டிக்கொண்டு போய் அண்ணியைக் காட்டுவேன். "எங்க அண்ணி உடம்புல ஓடுறது ரத்தம் இல்ல, வெந்நீர்" என்பேன். எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார்கள். எனக்குப் பெருமை தாங்காது.

அந்த வருஷம் குளிர் தொடங்கியதும் அண்ணி தின்கிற ஐஸின் அளவு கூடிக்கொண்டே போனது. வீட்டிலும் குளிர்பெட்டியின் ஐஸ் தட்டு காலியாகவே இருந்தது. அண்ணன் படகு இன்ஜின் மெக்கானிக். பாதி வார்த்தையை இன்ஜினுக்குள்ளேயே விட்டுவிட்டு வருகிற ஆள். அவனே ஒருநாள், "எலி எதையோ கடிக்குதுன்னு நெனச்சேன், பார்த்தா இவ" என்றான். நாங்கள் சிரித்தோம்.

அதே வாரம்தான் ஒரு பெட்டி பதின்மூன்று கிலோ எழுநூறு காட்டியது. சிவப்பு எரிந்தது.

தராசு கெட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். சோதனைக்கல்லை வைத்துப் பார்த்தேன், தராசு சரியாகவே இருந்தது. மறுநாள் இரண்டு சிவப்பு. விசில் அந்தப் பக்கம் வந்து, சிவப்புக் கணக்கைக் காட்டும் பலகையைப் பார்த்தார். "ஐஸ் அக்காவுக்கு என்ன, கை இறங்குது?" என்று கேட்டுவிட்டுப் போனார். ஒரு வாரத்தில் ஐந்து சிவப்பு வந்தால் ஆளை மாற்றிவிடுவது வழக்கம். அந்த இடத்தில் வேறொருத்தி நிற்பதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அடுத்த பெட்டி வந்தபோது, அது தராசைத் தொடுவதற்கு முன்பே வாளியிலிருந்து ஒரு பிடி ஐஸை எடுத்து மேலே தூவினேன். பச்சை எரிந்தது. அப்பாடா என்று இருந்தது.

பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது. பெட்டி வரும்போதே ஐஸ் எந்த உயரத்தில் நிற்கிறது என்று கண்ணால் பார்ப்பேன். தாழ்ந்திருந்தால் ஒரு பிடி போட்டுவிடுவேன். இரண்டு வாரத்தில் இரண்டு பெட்டிக்கு ஒரு பிடி, மாதம் முடிவதற்குள் கிட்டத்தட்ட எல்லாப் பெட்டிக்கும். விளக்கு எப்போதும் பச்சைதான். முதலில் எரிந்த மூன்று சிவப்பைத் தராசின் கோளாறு என்று விட்டுவிட்ட அண்ணிக்கு இது ஒன்றும் தெரியாது. தன் கை பழையபடியே இருப்பதாக நினைத்துக்கொண்டு என்னைத் திட்டிக்கொண்டே அள்ளினாள்.

வேறு அடையாளங்களும் இருந்தன. மாடி ஏறும்போது இரண்டாம் மாடித் திருப்பத்தில் குனிந்து செருப்பு லேஸைக் கட்டுவாள். அந்தச் செருப்பில் லேஸே கிடையாது. "எந்த லேஸைக் கட்டுறீங்க அண்ணி?" என்று கேலி செய்தேன். "உன் வாயை" என்றாள். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே ஏறினோம். எனக்கு மூளை என்று ஒன்று இருந்திருந்தால் அங்கேயே உறைத்திருக்க வேண்டும்.

உடல்தகுதி அட்டையைப் புதுப்பிக்க வருஷத்துக்கு ஒருமுறை நர்ஸ் கூடத்துக்கே வருவார். அந்த வருஷம் வந்தவர் புதிது, குட்டையாக, மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்திருந்தார். அண்ணி டம்ளரும் கையுமாக அவர் முன்னால் போய் உட்கார்ந்தாள். கடுக் கடுக்.

"எத்தனை நாளா ஐஸ் திங்கிறீங்க?"

அண்ணி பதில் சொல்வதற்குள் கூடமே சொன்னது. ரெண்டு வருஷமா, குளிர்லயும் திம்பாங்க, ஒருநாள் ஒரு பக்கெட்டே காலி என்று ஆளாளுக்கு. நான்தான் எல்லோரையும்விடச் சத்தமாக.

நர்ஸ் சிரிக்கவில்லை. அண்ணியின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார், நகத்தை அழுத்திப் பார்த்தார். அன்றைக்குத்தான் நானும் அந்த உள்ளங்கையைச் சரியாகப் பார்த்தேன். மீனின் அடிவயிற்றுப் பக்கம்போல வெளுத்திருந்தது.

"இது பலம் இல்லம்மா. ரத்தத்துல இரும்புச்சத்து ரொம்பக் குறைஞ்சா சிலருக்கு ஐஸ் மேல இப்படி ஆசை வரும். நாளைக்கே டாக்டரைப் பாருங்க."

ரத்தத்தில் ஹீமோகுளோபின் குறைந்தது பன்னிரண்டு இருக்க வேண்டியது அண்ணிக்கு ஏழு புள்ளி ஒன்று இருந்தது. டாக்டரம்மா கேட்ட கேள்விகளுக்கு அண்ணி தரையைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னாள். மாதாமாதம் ஒன்பது நாள் போகிறது, பெருக்காகப் போகிறது, இரண்டு வருஷமாக இப்படித்தான். ஒரே அலமாரியில் துணி வைத்திருக்கிற எனக்கே அது தெரியாது. "எல்லாருக்கும் வர்றதுதானேன்னு இருந்துட்டேன்" என்றாள். அதற்குத் தனியாக மாத்திரை, ஸ்கேன், இரும்புக்குத் தனியாக மாத்திரை என்று எழுதிக்கொடுத்தார் டாக்டர். சீட்டின் கடைசி வரிதான் அண்ணியைக் கொன்றது. எண் பத்தைத் தாண்டும்வரை கனமான வேலையோ குளிரில் நிற்கும் வேலையோ கூடாது.

விசில் அவளை லேபிள் அறைக்கு மாற்றினார். ஹீட்டர் உள்ள அறை. உட்கார்ந்துகொண்டே பெட்டி மூடிகளில் சீட்டு ஒட்ட வேண்டும். கூடத்தில் பாதிப் பேர் அந்த இடத்துக்குத் தவம் கிடக்கிறார்கள். அண்ணி ஏதோ சிறைக்குப் போவதுபோல ஷவலைக் கழுவித் துடைத்துக் கொக்கியில் மாட்டிவிட்டுப் போனாள். "பத்தைத் தாண்டி வாங்க, ஒரு நாள் சோதனை வைக்கிறேன். ஐம்பது பெட்டி. மூணு சிவப்பு எரிஞ்சா லேபிள் அறைதான் நிரந்தரம்" என்றார் விசில். அவர் நல்லவர்தான். ஆனால் அவருக்கு விளக்கு சொல்வதுதான் வேதம்.

அண்ணியைத் தேற்றிவிடும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். யார் கேட்டார்கள் என்று தெரியவில்லை. தினமும் காலையில் எழுந்து, இஞ்சி தட்டி, கெட்டியாக டீ போட்டு, மாத்திரையை உறையிலிருந்து பிரித்து அவள் உள்ளங்கையில் வைத்து, "சூடா குடிங்க அண்ணி, உடம்பு தெம்பாகும்" என்று நின்று பார்த்துவிட்டுத்தான் நகர்வேன். ஒரு மாதம், ஒருநாள் தவறவில்லை.

ஒரு மாதம் கழித்து, அதே நர்ஸ் வேலை பார்க்கும் டாக்டரம்மாவின் கிளினிக்கில் பார்த்தால் ஏழு புள்ளி மூன்று.

நர்ஸ் கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கினார். "மாத்திரையை எப்படிப் போடுறீங்க?"

"நான்தான் நர்ஸம்மா கைப்பட டீ போட்டு அதோட குடுக்கிறேன்" என்றேன்.

அவர் மெதுவாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல, டீ இரும்பை உடம்பில் சேரவிடாது என்று சொன்னார். மாத்திரைக்குப் பக்கத்திலேயே டீ வரக்கூடாது, காபியும் பாலும் வரக்கூடாது, புளிப்பான பழச்சாறோடு போட்டால் நல்லது என்றார். நான் தரையில் ஓட்டை இருக்கிறதா என்று தேடினேன். அண்ணி என் பக்கம் திரும்பி, "டீ நல்லா இருந்துச்சுடி" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அதற்குப் பதில் அவள் என்னை நாலு சாத்து சாத்தியிருக்கலாம்.

அன்றிலிருந்து அண்ணி தன் உடம்பைத் தானே கையில் எடுத்துக்கொண்டாள். எப்படி ஐஸ் அள்ளினாளோ அப்படியே இதையும் செய்தாள், சத்தமில்லாமல், அளவு பிசகாமல். நான் இந்தக் கதையைச் சொல்ல வந்ததே அந்த எட்டு வாரங்களுக்காகத்தான்.

விடிந்ததும் வெறும் வயிற்றில் மாத்திரை, அரை டம்ளர் ஆரஞ்சுச் சாறு. டீ பத்து மணிக்கு மேல்தான். டீ இல்லாமல் கண் திறக்காத பெண்பிள்ளை அவள். முதல் வாரம் முழுக்கத் தலைவலியோடு அலைந்தாள், ஆனால் பத்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஒரு வாய் வைத்து நான் பார்த்ததில்லை. மாத்திரை வயிற்றைக் கட்டிப்போட்டது. "உள்ள சிமெண்ட் கலவை ஓடுது" என்று முனகிக்கொண்டே தண்ணீரைக் குடித்துத் தள்ளினாள். அசைவத்தில் ஈரலை அவள் ஜென்மத்தில் தொட்டதில்லை. வாரம் இரண்டு நாள் மூக்கைப் பிடித்துக்கொண்டு தின்றாள். கீரையும் பருப்பும் வேகும்போது நறுக்கிய எலுமிச்சை பக்கத்தில் தயாராக இருக்கும். சாப்பாட்டையே ஒரே மூச்சில் சாப்பிடுவதை விட்டுவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஐந்து வேளையாகப் பிரித்துக்கொண்டாள். மதியம் தூங்கி வழிவது அதனால் நின்றதென்று சொன்னாள்.

தெம்பைச் செலவழிப்பதிலும் அப்படித்தான். சமையலறையில் மேல்தட்டில் இருந்ததெல்லாம் இடுப்பு உயரத்துக்கு இறங்கின. காய் நறுக்குவது உட்கார்ந்துகொண்டுதான். துவைத்த துணியை மொட்டைமாடிக்குத் தூக்குவது அண்ணன் தலையில் விழுந்தது. அவன் முதல் நாள் அண்ணியின் உள்பாவாடையை ஒரு துண்டுக்கு அடியில் ஒளித்து எடுத்துக்கொண்டு ஏறினான், இரண்டாம் வாரம் தோளிலேயே போட்டுக்கொண்டு ஏறினான். இல்லாத லேஸைக் கட்டும் நாடகத்தையும் அண்ணி முடித்துக்கொண்டாள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் ஒரு முக்காலியைக் கொண்டுபோய்ப் போட்டு, வெளிப்படையாக உட்கார்ந்து, முப்பது எண்ணி, எழுந்து ஏறினாள். ஒரு வாரத்தில் மேல்வீட்டுத் தபால்காரரும் கீழ்வீட்டு டீச்சரும் அதில் உட்கார ஆரம்பித்தார்கள். ஒருநாள் அண்ணி அங்கே தன் முறைக்காகக் காத்து நின்றாள்.

மதிய இடைவேளையில் எல்லோரும் ஹீட்டரைச் சுற்றிச் சுருண்டிருக்கும்போது, அவள் மட்டும் இரண்டு ஜோடிக் கையுறை போட்டுக்கொண்டு அலைத்தடுப்புச் சுவரின் மேல் நடப்பாள். அந்த நேரத்தில்தான் கொஞ்சம் வெயில் எட்டிப்பார்க்கும். முதல் வாரம் முதல் விளக்குக்கம்பம் வரை. அடுத்த வாரம் இரண்டாவது. ஒருநாள் மூன்றாவதைத் தொட்டுவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள், அந்த வாரம் முழுக்க மறுபடி இரண்டாவதுதான். அதற்காக ஒரு பொட்டு வருத்தப்படவில்லை. "அவசரம் உனக்குத்தான், எனக்கு இல்ல" என்றாள். எட்டரைக்கெல்லாம் படுத்துவிடுவாள். பத்து ஆள் வேலையை ஒரே மூச்சில் செய்கிறவளைப் பார்த்து வியந்திருக்கிறேன். தன்னால் எவ்வளவு முடியும் என்று பார்த்து, அதை மட்டும் செய்துவிட்டு, மறுநாள் அதில் ஒரு கம்பம் கூட்டுகிறவளை அப்போதுதான் பார்த்தேன்.

லேபிள் அறைக்குத் தினமும் ஒரு டம்ளர் ஐஸ் கொண்டுபோய் வைப்பேன். ஆசையை அடக்கி மனசு கஷ்டப்பட வேண்டாமே என்று. மாத்திரையோடு டீயை நிறுத்திய மூன்றாவது வாரம், ஷிப்ட் முடிந்து டம்ளரை எடுக்கப் போனால் உள்ளே வெறும் தண்ணீர். மறுநாளும் தண்ணீர். ஐஸ்கூட வேண்டாம் என்கிற அளவுக்கு நொடிந்துவிட்டாளே என்று நர்ஸிடம் ஓடினேன்.

"அது குணமாகுற அறிகுறிம்மா. முதல்ல அந்த ஆசைதான் போகும், அப்புறம்தான் எண் ஏறும். நீங்க கொஞ்சம் சும்மா இருங்க" என்றார்.

காதில் வாங்கினேன். மனசு நம்பவில்லை. ஐஸ் மெல்லாத அண்ணி எனக்கு ஒரு சுற்றுக் குறைந்த மாதிரியே தெரிந்தாள்.

எண் ஒன்பது புள்ளி ஒன்றுக்கு வந்தது. எட்டாவது வாரம் பத்து புள்ளி ஆறு. டாக்டரம்மா சீட்டில் கையெழுத்துப் போட்டார், மாத்திரையை இன்னும் பல மாதம் விடக்கூடாது என்று இரண்டு தடவை சொல்லி. விசில் சோதனைக்கு நாள் குறித்தார்.

அன்று காலையில் நல்ல குளிர். ஐஸ் இயந்திரத்தில் ஏதோ கோளாறு, தூள் ஈரமாக விழுந்துகொண்டிருந்தது. அண்ணி தொட்டியில் கையை விட்டு ஒரு தரம் பிசைந்து பார்த்தாள். கொக்கியிலிருந்து ஷவலை எடுத்தாள். விசில் தொட்டியின் ஓரம் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பலகையைப் பார்த்து நின்றார். முதல் பெட்டி, பதினாலு. இரண்டாவது, பதினாலு. பத்துப் பெட்டியும் பச்சை.

பத்தாவது முடிந்ததும் அண்ணி ஷவலை ஊன்றி நின்றாள். தோள் ஏறி இறங்கியது. மூச்சு வாங்குகிறது, முடியவில்லை என்று எனக்குப் பட்டது. பதினொன்றாவது பெட்டி என்னை நோக்கி வந்தபோது ஐஸ் தாழ்ந்து கிடந்தது, வழக்கத்தைவிட ஒரு விரல் கீழே. என் கை வாளிக்குப் போனது. தூவினேன்.

பதினாலு முந்நூறு. சிவப்பு.

பிடியில் கொஞ்சம் அதிகம் வந்துவிட்டது போலிருக்கிறது, இனிமேல் கவனமாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன். போடாமல் இருக்க வேண்டும் என்று தோன்றவில்லை, பாருங்கள். அடுத்த பெட்டிகள் நன்றாகத்தான் வந்தன. இருபது முடிந்ததும் மறுபடி ஷவலை ஊன்றி நின்றாள். இருபத்தொன்று, மறுபடி தாழ்வு. சின்னதாக ஒரு பிடி. சிவப்பு. விசில் தலையைச் சொறிந்தார். அண்ணி முதல்முறையாகத் தன் ஷவலைக் குனிந்து பார்த்தாள்.

முப்பதுக்குப் பிறகு நான் கையைக் கட்டிக்கொண்டேன். கடவுளே, இதைத் தாண்டிவிடட்டும் என்று. நாற்பது முடிந்தது. இந்த முறை அவள் நின்ற நேரம் இன்னும் நீண்டது, கோட்டின் மேல் பொத்தானைத் தளர்த்திவிட்டுக்கொண்டாள். நெஞ்சைப் பிடிக்கிறாள் என்று நினைத்தேன். நாற்பத்தொன்றாவது பெட்டி வந்ததும், ஐஸ் தாழ்ந்திருந்ததும்தான் எனக்குத் தெரியும். கை என்னைக் கேட்கவில்லை.

மூன்றாவது சிவப்பு. விசில் நீளமாக ஊதினார்.

அண்ணி தன் வலது கையுறையைக் கழற்றி உள்ளங்கையைப் பார்த்தாள். நன்றாகச் சிவந்த உள்ளங்கை. "ரெண்டு கிலோதான் அள்ளினேன்" என்றாள், யாரிடமும் இல்லாமல். "ஈர ஐஸ் கனமா இருக்கும்னு குறைச்சுத்தான் அள்ளினேன்." அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தேகத்தை நான் பார்த்ததே இல்லை. ஏழு புள்ளி ஒன்று என்று சொன்னபோதுகூட அது இல்லை. இரண்டாவது கையுறையையும் கழற்றத் தொடங்கினாள்.

ஈர ஐஸ். அவள் நிற்கிற நேரத்தில் தொட்டியில் அது இன்னும் படிந்து இறுகிவிடும், உயரம் காட்டாது, எடை காட்டும். அவள் கைக்குத் தெரிந்தது என் கண்ணுக்குத் தெரியவில்லை.

"நான்தான் சார் போட்டேன்" என்றேன்.

விசில் திரும்பினார். "எதை?"

"மேல ஐஸ். மூணு பெட்டிக்கும். குறையுதுன்னு நெனச்சேன்." நிறுத்தியிருக்கலாம். ஆனால் என் வாய்க்குத்தான் அளவு கிடையாதே. "அவங்களுக்கு உடம்பு முடியாம இருந்தப்பவும் நான்தான் போட்டுக்கிட்டு இருந்தேன். ஒன்றரை மாசம். அந்தப் பச்சை எல்லாம் என்னோடது."

அவர் நேராக வந்து அந்த மூன்று பெட்டிகளையும் இழுத்து, ஒவ்வொன்றிலிருந்தும் நான் போட்ட உலர்ந்த ஐஸை வழித்துத் தராசில் ஏற்றினார். வாளி ஐஸ் இயந்திரம் கோளாறாவதற்கு முன் எடுத்தது, வெள்ளையாகத் தனியாகத் தெரிந்தது. பதினாலு. பதினாலு. பதின்மூன்று தொள்ளாயிரத்து ஐம்பது.

"பாக்கி ஒன்பது பெட்டி" என்றார் அண்ணியிடம். என்னிடம், "கையைத் தொடைக்கு அடியில வை."

வைத்தேன். அந்த ஒன்பது பெட்டிகளையும் நான் இரண்டு கையின் மேலும் உட்கார்ந்துகொண்டு பார்த்தேன். எல்லாம் பச்சை. கூடத்தில் கைதட்டினார்கள். அண்ணி யாரையும் பார்க்கவில்லை. ஷவலைச் சாய்த்து வைத்துவிட்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"பத்துப் பெட்டிக்கு ஒருதரம் பத்து மூச்சு நின்னு எடுக்கணும்னு நானே வச்சுக்கிட்ட கணக்கு அது. முடியாம நிக்கல."

"தெரியல அண்ணி."

"சரி, அதை விடு." குரல் இறங்கியது. "அப்போ, குளிர் ஆரம்பத்துல. குறைச்சுப் போடுறேன்னு நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா? என் கை இறங்குதுன்னு எனக்குத் தெரிஞ்சிருந்தா, ஒன்றரை மாசம் முன்னாடியே டாக்டர்கிட்ட போயிருப்பேன். மாடிப்படியில நின்னு, எனக்கு வயசாயிடுச்சு போலன்னு அழுதுகிட்டு இருந்தேன்டி. தராசைப் பார்த்தா பச்சை. அப்ப உடம்புல ஒண்ணும் இல்ல, மனசுதான் சோம்பேறி ஆயிடுச்சுன்னு என்னையே திட்டிக்கிட்டு இருந்தேன்."

அவள் அழுதாள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். நான் அவளுக்குச் செய்ததிலேயே பெரிய உதவி என்று நினைத்துக்கொண்டிருந்தது அந்தப் பிடி ஐஸ்.

விசில் என்னை ஒரு வாரம் மீன் கழுவும் இடத்துக்கு அனுப்பினார். குளிரில், குழாய்த் தண்ணீரில், எட்டு மணி நேரம். அண்ணி ஒருநாளும் பரிந்து பேசவில்லை. ஆனால் தினமும் பத்து மணிக்கு மேல் ஒரு டம்ளர் டீயை என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

நான் தராசுக்குத் திரும்பி நாலாவது நாள் அது நடந்தது. மாதத்தின் அந்த நாட்கள் அவளுக்கு. மாத்திரையில் பெருக்கு குறைந்திருந்தாலும் முகம் கொஞ்சம் வாடித்தான் இருந்தது. காலையிலிருந்து எல்லாம் பச்சை. பதினொரு மணி வாக்கில் ஒரு பெட்டி உருளைகளின் மேல் வந்தது. ஐஸ் அன்று நன்றாக உலர்ந்த ஐஸ், என் கண்ணுக்குக் குறை தெளிவாகவே தெரிந்தது. வாளி பக்கத்தில் இருந்தது. என் விரல்கள் மடங்கின. கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

பதின்மூன்று எழுநூறு. சிவப்பு எரிந்தது. கணினியில் ஏறியது.

அண்ணி நிமிர்ந்து விளக்கைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். தலையை ஒருதரம் ஆட்டினாள். ஷவலைக் கொக்கியில் மாட்டிவிட்டு, பக்கத்து ஆளை நிற்கச் சொல்லிவிட்டு, கவிழ்த்த பெட்டி ஒன்றின் மேல் போய் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். பத்து நிமிஷம் கழித்து எழுந்து வந்து ஷவலை எடுத்தாள். அடுத்த பெட்டி பதினாலு கிலோ வந்தது.